ஆட்டுக்கு ஆகாதவன்

செத்த குட்டியின் தோலை உரிக்கக் கத்தி அவ்வளவாகத் தேவைப்படாது. கால்களைச் சுற்றி ஒரு கீறல், வயிற்றில் நீளமாக ஒன்று, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாம் கட்டைவிரல் வேலை. சுள்ளி மண்ணில் முழங்காலிட்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலைக் கொடுத்து, ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோலக் கழுத்து வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அவள் மாமா உயிருள்ள குட்டி ஒன்றை இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். அதன் தாய் முந்தின நாள் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டது.

“சட்டை அளவு சரியா இருக்குமா, டெய்லரம்மா?” என்றார் மாமா.

“கொஞ்சம் லூசுதான் மாமா. வளர்ற புள்ளதானே.”

உரித்த தோலை உயிருள்ள குட்டிக்குப் போர்த்தி, நாலு காலையும் நாலு ஓட்டையில் நுழைத்தாள். இனி அது செத்த குட்டியின் வாசனையோடு திரியும். குட்டியைப் பறிகொடுத்த ஆட்டின் தலையைத் தம்பி பிடித்துக்கொண்டிருந்தான். ஆடு ஒரு உதறு உதறியது. அவன் மல்லாக்க விழுந்தான்.

“பூசணிக்காய் உடைஞ்சிடுச்சான்னு பாரு,” என்றார் மாமா.

ஆடு குட்டியின் வாலுக்கடியில் முகர்ந்தது. நகர்ந்தது. திரும்பி வந்து மறுபடி முகர்ந்தது. தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல் உறுமிக் காலை அகட்டிக் கொடுத்தது. குட்டியின் வால் படபடவென்று ஆடும் வரைக்கும் சுள்ளி குத்தவைத்துப் பார்த்திருந்தாள். வால் ஆடினால் பால் இறங்குகிறது.

“ஒட்டிக்கிச்சா?” வலையடியிலிருந்து அப்பா கேட்டார்.

“ஒட்டிக்கிச்சு.”

“என் மகடா!” என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

சுள்ளிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பிறந்தது மழையிலா வெயிலிலா என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. ஒல்லி, அதனால் அந்தப் பெயர். தம்பி அவளைவிட இரண்டு வயது சின்னவன், உருண்டை, அதனால் பூசணி. அவர்களுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. அறுவடை முடிந்த நிலங்களில் பகலெல்லாம் மேய்த்து, சாயங்காலம் வலையைச் சுற்றிக் கட்டி ஆடுகளை உள்ளே மறிப்பார்கள். விடிவதற்குள் புழுக்கையும் மூத்திரமுமாக நிலத்துக்கு உரம் சேர்ந்துவிடும். அந்த நிலம் முடிந்தால் வலையைச் சுருட்டிக் கழுதைமேல் போட்டுக்கொண்டு அடுத்த நிலம். சட்டி, பானை, தார்ப்பாய், அம்மாவின் அரிவாள்மணை எல்லாம் அந்தக் கழுதையின் முதுகுக்குள் அடங்கிவிடும்.

அன்றைக்குத்தான் வரப்போரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நாய்கள் பாய்ந்தன. வண்டியில் வந்தவர் இரண்டு காலையும் பெட்ரோல் டாங்க் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, “நாயைப் புடிங்கய்யா, நாயைப் புடிங்க!” என்று கத்தினார். சுள்ளி ஒரு அதட்டு அதட்டினாள். நாய்கள் படுத்துக்கொண்டன.

வந்தவர் விடுதி வார்டன். ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி நடத்துகிறார்களாம். சாப்பாடு, துணி, கட்டில் எல்லாம் இலவசம். பக்கத்துக் கட்டடமே பள்ளிக்கூடம்.

“ஒரு குடும்பத்துக்கு ஒரு புள்ளதான். அடுத்த வாரம் இதே கிழமை மத்தியானம் வர்றேன். யாருன்னு முடிவு பண்ணி வைங்க.”

“பொண்ணா இருந்தாலும் சேத்துக்குவீங்களா சார்?” என்றாள் அம்மா.

“யாரா இருந்தா என்னம்மா? பொண்ணுங்களுக்குத் தனிக் கட்டடம் இருக்கு. எனக்கு வேண்டியது ஒரு தலை.”

சுள்ளி ரத்தக்கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். அப்பா பூசணியைப் பார்த்தார்.

ஆடு மேய்க்கிற குடும்பங்களில், பள்ளிக்கூடத்துக்கு யார் என்பது பெரிய யோசனை இல்லை. யார் இல்லாவிட்டால் மந்தைக்குக் குறை இல்லையோ, அவர்கள். போன வருஷம் இவர்களோடு சேர்ந்து மேய்த்தவர்கள் கால் சூம்பிய ஒருவனை அனுப்பினார்கள். அவனுக்கு முன்னால் கண் மங்கலான ஒருத்தி போனாள். இன்னொரு வீட்டில் வாய் திக்குகிறவன். அவன் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆடு ரெண்டு காடு தாண்டியிருக்கும் என்று சிரிப்பார்கள். காலும் கண்ணும் குரலும் நன்றாக இருக்கிற பிள்ளை கையில் கோல்தான். இதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை இருந்ததும் இல்லை.

வண்டி போன பிறகு, அம்மா தண்ணீர்த்தொட்டியோரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“யாரை அனுப்பப் போறீங்க?”

“இதுல கேக்க என்ன இருக்கு? பூசணியைத்தான்.” அப்பா வலைக் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார்.

“போறேன்னு அவன் கேட்டானா?”

“அவன் என்னைக்கு என்ன கேட்டிருக்கான், சோத்தைத் தவிர?”

“கேக்கறவ ஒருத்தி இருக்கா.”

அப்பா நிமிரவில்லை. அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள்.

“போன வருஷம் ஆடுங்க எப்படிச் செத்துச்சு?”

“அதை ஏன் இப்ப கிளர்றே?”

“சொல்லுங்க. எப்படிச் செத்துச்சு?”

அது அவர் வாயால் சொல்ல முடியாத விஷயம். மருந்துக் கடையில் இரண்டு பாட்டில் வாங்கி வந்தார். ஒன்று குடற்புழுவுக்கு, வாயில் ஊற்றுவது. இன்னொன்று உண்ணிக்கு, தண்ணீரில் கலந்து மயிரில் தடவுவது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிற மூடி. எது எது என்று கடைக்காரன் சொன்னது வழியிலேயே குழம்பிப்போனது. “இதுதான்” என்று அவர் நீட்டியதைச் சுள்ளி ஆடு ஆடாகப் பிடித்து வாயில் ஊற்றினாள். நல்ல கை அவளுக்கு, ஒரு சொட்டு வீணாகவில்லை. சாயங்காலத்துக்குள் ஊற்றிய ஆடுகள் அத்தனையும் கால் விறைத்துக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் அப்பாவே சொன்னார், குடும்பத்தில் ஒருத்தருக்காவது எழுத்துத் தெரியணும் என்று.

“மருந்து ஊத்துறது யாரு?” என்றாள் அம்மா.

“சுள்ளிதான்.”

“அப்ப எழுத்து யாருக்குத் தெரியணும்?”

அப்பா முடிச்சை இழுத்து இறுக்கினார். “அவ எழுத்துப் படிக்கப் போயிட்டா, மருந்தை யாரு ஊத்துறது?”

“நல்லாயிருக்கு உங்க நியாயம். ஊத்துறவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கறவன் ஊத்த மாட்டான். பாட்டில் மட்டும் நம்ம கூடவே இருக்கும்!”

“என்னை என்ன பண்ணச் சொல்றே?” அப்பாவின் குரல் ஏறியது. “நான் என்ன கல்லா? எனக்குத் தெரியாதா அவ கேக்குறான்னு? ராத்திரி பகல்னு அவ ஒருத்தியால நிக்குது இந்த மந்தை. அவளை அனுப்பிட்டு இவனை நம்பி விட்டா ரெண்டு மாசத்துல வலைதான் மிஞ்சும். அப்புறம் எல்லாரும் செங்கல் சூளைக்குப் போவோமா? சொல்லு, போவோமா?”

 அம்மா பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அடி மினுங்கியது.

வரப்புக்கு அந்தப் பக்கம் குட்டிகளுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் இது அத்தனையும் கேட்டது.

“அக்கா, நீயே போயேன்,” என்றான் பூசணி. “எனக்கு அங்க போக பயமா இருக்கு.”

“உனக்கு இங்க நாயைக் கண்டாலும் பயம்.”

“நாய் தெரிஞ்ச நாய்க்கா. அங்க யாரையும் தெரியாதே.”

சுள்ளி தழையைக் கீழே போட்டுவிட்டு அவனையே பார்த்தாள். பிறகு, “உனக்கு ஆடு மேய்க்கச் சொல்லித் தர்றேன். கத்துக்குவியா?” என்றாள்.

திட்டம் சுலபம். அவள் வேலையைக் கெடுக்க வேண்டும், அவன் வேலையைக் கற்க வேண்டும். வார்டன் வருகிற நாளுக்குள் அப்பாவின் கண்ணில் இரண்டு பேரும் இடம் மாறிவிட வேண்டும்.

கெடுப்பது அவள் நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. முதல் நாள் வலை முடிச்சைத் தளர்த்திக் கட்டினாள். நாலு குட்டிகள் வெளியே போய்விட்டன. அப்பா ஓடிப் பிடித்து வந்து, அவளைத் திட்டாமல், “பாவம், புள்ள களைச்சுப் போயிருக்கு, அதுக்கு ரெண்டு வாய் பால் கூடக் குடு,” என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த நாள் தண்ணீர் காட்டாமலே மந்தையைத் திருப்பினாள். “ஏன்டா தண்ணி காட்டல?” என்று அப்பா பூசணியைக் கேட்டார். அவன் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிடாவைக் காணோம் என்று பொய் சொன்னாள். “அது முள்ளுக்குப் பின்னால நிக்குது பாரு. உன் கண்ணுக்கே படலையா அது? கில்லாடிக் கிடா!” என்று மாமா சிரித்தார்.

“நீ இந்த மந்தையை வித்துட்டு வந்தாக்கூட, நல்ல விலைக்கு வித்தியா ராசாத்தின்னுதான் உங்கப்பா கேப்பார்,” என்றார் மாமா. அவருக்குத் திட்டம் தெரியாது. சும்மா சொன்னதுதான். சுள்ளிக்கு அழுகை வந்தது.

பூசணியின் படிப்பு வேறு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. நாக்கை மேலண்ணத்தில் உருட்டி எழுப்புகிற ஓசை ஒன்று உண்டு. அதுதான் கூப்பாடு. அவன் செய்தால் எச்சில் தெறித்தது. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, மென்றன, குனிந்துகொண்டன. ஒரு கிழட்டு ஆடு மட்டும் என்ன வேண்டும் உனக்கு என்பதுபோல் வெகுநேரம் நின்று பார்த்தது.

“வயித்துலேர்ந்து கூப்பிடுடா. தொண்டையிலேர்ந்து கூப்பிட்டா அதுங்க மதிக்காது.”

“வயித்துல கஞ்சிதான்கா இருக்கு.”

ஆனாலும் விடாமல் செய்தான். நாலாம் நாள் கொஞ்சம் ஆடுகள் திரும்பின. ஐந்தாம் நாள் மந்தை முழுக்கத் திரும்பி அவனை நோக்கி வந்தது. பூசணி இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். “வந்துடுச்சுக்கா! என் பேச்சைக் கேக்குதுக்கா!” சுள்ளி அவன் தலைமயிரைப் பிடித்து ஆட்டினாள். அவன் கூப்பிட்டபோது அவனுக்கு நேர் பின்னால் தான் நின்றிருந்ததை அவள் யோசிக்கவில்லை.

வார்டன் வருகிற நாளில் மந்தையைப் பாதையோரத்து நிலத்தில் விட்டாள். அவரை எதிர்கொண்டு கூட்டிவர அப்பா ரோட்டுக்குப் போயிருந்தார். இரண்டு பேரும் அந்தப் பாதையில்தான் வந்தாக வேண்டும். நிலத்தின் அந்தக் கோடியில் ஒரு சோளக்காடு. அறுத்து முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் மஞ்சள் கட்டைகள். அதற்குள் இறங்க நிலத்துக்காரர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அதனால் ஆடு இறங்கினால் தப்பு தப்புதான், ஆனால் கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சுள்ளி மரத்தடியில் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாள். ஆடுகள் சோளக்காட்டுப் பக்கம் நகரும். பூசணி முன்னால் ஓடி, கூப்பிட்டுத் திருப்புவான். அப்பா பார்ப்பார், வார்டன் பார்ப்பார்.

பாதையில் தலைகள் தெரிந்ததும் அவள் படுத்துக்கொண்டாள். கண்ணை ஒருக்களித்து மூடி, இமை இடுக்கால் பார்த்தாள். எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. முன்னாடு நகர்ந்தது. பின்னால் மற்றவை. பூசணி ஓடினான். சோளக்காட்டு ஓரத்தில் காலை ஊன்றி நின்று வயிற்றிலிருந்து கூப்பிட்டான்.

ஆடுகள் அவனைச் சுற்றிக்கொண்டு போயின. மறுபடி கூப்பிட்டான். ஓடுகிற தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொள்வதுபோல அவனுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போய் உள்ளே இறங்கின. இறங்கியவை நடக்கவில்லை, குனிந்தன. வெறும் கட்டையில் எதற்காகக் குனிகின்றன என்று சுள்ளி தலையைத் தூக்கினாள்.

கட்டைகளின் அடியில் துளிர் விட்டிருந்தது. கொஞ்ச நாளைக்கு முன் பெய்த ஒரு மழைக்குத் துளிர்த்து, அப்புறம் மழையில்லாமல் வெயிலில் வாடிச் சுருண்டிருந்தது. வாடின சோளத் துளிர் ஆட்டுக்கு நஞ்சு. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே ஆடு மேய்க்கிற வீட்டில் அது தெரியும். கட்டை மஞ்சளாக இருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்தவள், கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே படுத்திருந்தால் போதும் என்று ஒரு நினைப்பு ஓடியது. கொஞ்ச நேரம். மந்தையில் பாதி விழட்டும். அப்பா வந்து பார்க்கட்டும். இவள் ஆட்டுக்கு ஆகமாட்டாள் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அதற்கப்புறம் கட்டில், சட்டை, எழுத்து.

ஒரு ஆடு தள்ளாடியது. முன்னங்கால் பின்னி, வாயோரம் நுரை கட்டி, முழங்காலில் இறங்கியது. நினைப்பு முடிவதற்குள் அவள் வாய் கூப்பிட்டுவிட்டது.

ஒரே ஒரு கூப்பாடு. காடு முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. வாயில் இருந்த துளிரைக் கீழே விட்டுவிட்டு மந்தை மொத்தமும் திரும்பி, தூசி கிளப்பிக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்தது. அவள் பின்னோக்கி நடந்து, இன்னும் கூப்பிட்டுக்கொண்டே, வெட்டவெளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். விழுந்த ஆடு மட்டும் எழுந்திருக்கவில்லை. மற்றவை நின்றன, மூச்சு வாங்கின, பிழைத்தன.

அப்பா பாதையிலிருந்து ஓடி வந்தார். செத்துக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்தார். சோளக்காட்டுக்குள் கூப்பிட்டபடி நின்றிருந்த பூசணியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் ஒன்று, முதுகில் ஒன்று விழுந்தது.

“கண்ணு எங்கடா வச்சிருந்தே? துளிருக்குள்ள கொண்டுபோய் விடுறியே, தின்னு தீக்கத்தான் பொறந்தியா?”

பூசணி அக்காவைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

“அப்பா, நான்தான்.” சுள்ளிக்கு இரைத்தது. “அவன் இல்ல. நான்தான் விட்டேன். வேணும்னே விட்டேன்.”

அப்பா அவளைப் பார்த்த பார்வையில் கண் கலங்கியது. வார்டன் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா சார்? தம்பி அடி வாங்கக் கூடாதாம். பழியைத் தன் தலையில போட்டுக்கிறா.”

“இல்லப்பா, நெசமாத்தான். நான் தூங்குற மாதிரி—”

“சரிடி தங்கம், சரி. இனி அடிக்கல. போதுமா?”

சத்தம் கேட்டு மாமாவும் அம்மாவும் ஓடி வந்திருந்தார்கள். “அவ சொல்றதைக் கேளுங்க,” என்றாள் அம்மா. “அவ பொய் சொல்லல.”

“பொய் சொல்லாம? இந்த மந்தையோட உசுரை இப்ப யாரு காப்பாத்துனா? விட்டவளா காப்பாத்துவா?”

“விட்டவதான் காப்பாத்துனா. போகணும்னு விட்டா. சாகுதேன்னு கூப்பிட்டா. ஒரு வாரமா இந்தப் புள்ள என்ன பாடு படுதுன்னு நீங்க பாக்கலையா? வேலை தெரிஞ்சதுதான் அவ செஞ்ச குத்தமா? கைகால் விளங்காமப் பொறந்திருந்தா இந்நேரம் புத்தகப் பையோட போயிருப்பா இல்ல?”

“வாயை மூடு. வெளி ஆள் நிக்கிறாரு.”

வெளி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்கம்மா. எனக்கு இன்னும் ரெண்டு ஆட்டுக்காரங்க குடும்பம் பாக்கணும். யாரு வர்றா?”

“இவன்தான் சார்,” என்றார் அப்பா. “இவன் ஆட்டுக்கு ஆகவே மாட்டான். கூட்டிட்டுப் போங்க.”

வார்டன் பூசணியின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். கன்னத்தில் விரல் தடம் எழும்பியிருந்தது. “ம்ம். இதுவும் அப்படித்தானா? உங்க ஆளுங்க வீட்டிலேர்ந்து எனக்கு வர்றது எல்லாமே இப்படித்தான் இருக்கு. ஒண்ணு நோஞ்சான், இல்ல மந்தம். நாங்களும் தலைகீழா நின்னு பாக்குறோம், படிப்பு ஏற மாட்டேங்குது. ஆடு மேய்க்கிற ரத்தம். அதுக்கு நாங்க என்ன பண்றது?”

அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், நீங்க சந்தையில ஆடு பாத்திருக்கீங்களா?”

“ஏன்மா?”

“எவனாவது நல்ல சினை ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் பாத்திருக்கீங்களா? பல்லு போனது, மடி கெட்டது, குட்டி தங்காதது, அதைத்தான் ஓட்டுவான். நாங்களும் அதான் பண்றோம். நல்லதை நாங்க வச்சுக்கிறோம். கழிச்சதை உங்களுக்கு அனுப்புறோம். நீங்க அதைப் பாத்துட்டு ரத்தமே அப்படின்னு சொல்றீங்க. அவளை ஒரு வருஷம் வச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க எங்க ரத்தத்தைப் பத்தி!”

“ரூல் ஒண்ணுதாம்மா. ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு. யாருங்கிறது நீங்க எடுத்த முடிவு. என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?”

அவளுக்கு இன்னும் சொல்ல இருந்தது. மூச்சு வாங்கத் திரும்பியவள், இடுப்புயரத்தில் தனக்குப் பின்னால் பூசணி நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அம்மாவின் கை அவள் வாய்க்குப் போனது.

 பூசணி வலையடிக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கித் தன் மாற்றுச்சட்டையை எடுத்துச் சுருட்டி உரச்சாக்கில் போட்டான். யாரும் சொல்லாமலே போய் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டான். நாய் ஒன்று கூடவே போய் அவன் காலை முகர்ந்தது. அவன் பயப்படவில்லை.

அம்மா ஓடிப்போய் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்ட பொத்தானையே கழற்றி மறுபடி போட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாப்பாடு நல்லா போடுவாங்கடா,” என்றார் மாமா. வேடிக்கையாகச் சொல்லத்தான் வந்தார். சொன்னபிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சுள்ளி கிட்டே வந்தாள். 

“நான் சரியாத்தான்கா கூப்பிட்டேன்.”

“சரியாத்தான் கூப்பிட்டே.”

“அப்புறம் ஏன் வரல?”

அவளுக்கு இப்போது தெரியும் ஏனென்று. சொல்லவில்லை. “வெயிலுடா. அதுங்களுக்குக் காது கேக்கல,” என்றாள்.

வார்டன் வண்டியை உதைத்தார். அது பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார்.

அப்போது அப்பா மந்தைக்குள் போனார். அவருக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. இன்றைக்கு மந்தை முழுக்கப் போயிருக்க வேண்டியது. போகவில்லை. அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்கு இருந்தது. மந்தையிலேயே நல்ல ஆடு ஒன்று, முதல் சினையில் இருப்பது, கரிய முகத்தில் வெள்ளைப் பொட்டு. அதைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சுள்ளியின் முன்னால் நிறுத்தினார்.

“இந்தா. இது இன்னையிலேர்ந்து உன் ஆடு. இது போடுற குட்டி, அது போடுற குட்டி, எல்லாம் உனக்கு. என்கிட்ட யாரும் இதைக் கேக்கக் கூடாது. நானே கேக்க மாட்டேன்.”

“அடேயப்பா,” என்றார் மாமா. “பன்னெண்டு வயசுல தனி மந்தை! எனக்குக் கல்யாணத்துக்குக்கூட ஒரு வால் தரல எங்கப்பன்.”

“எனக்கு வேணாம்ப்பா.”

“வேணாம்னு சொல்லாதே. வயசுக்கு வந்த பையனுக்குத்தான் குடுப்பாங்க இதை. நான் உனக்குக் குடுக்குறேன்.”   இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். “காதுல அடையாளம் போடணும். என் அடையாளம் ஒரு வெட்டு. உனக்கு ரெண்டு வெட்டு போடலாமா? புடி.”

அவள் அசையாமல் நின்றாள். ஆடு நழுவப் பார்த்தது. நழுவப் பார்த்த ஆட்டைப் பார்த்ததும் அவள் கால்கள் தாமாகவே அகன்று அதன் விலாவை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கின. ஒரு கை தாடையடியில் போனது. இன்னொரு கை காதை நுனி பிடித்து நீட்டியது. ஆட்டைப் பிடிக்க வேண்டிய மாதிரிதான் பிடித்தாள். அவளுக்கு வேறு மாதிரி பிடிக்கத் தெரியாது.

வண்டி பிடித்துக்கொண்டது. பூசணி பின்னால் ஏறி உட்கார்ந்து சாக்கை மடியில் வைத்துக்கொண்டான். வார்டன் கால்களை நாய்களுக்கு எட்டாமல் மடக்கிக்கொண்டார். அம்மா வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடினாள். எதுவோ கத்திச் சொன்னாள். வண்டிச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா கத்தியை வைத்து அழுத்தினார். முதல் வெட்டு. கத்தியைத் துடைத்துவிட்டு இரண்டாவது. ரத்தம் சுள்ளியின் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது. அப்பா அடுப்புச் சாம்பலை அள்ளிக் காதில் அப்பினார்.

வெள்ளாடாக இருந்தால் அலறியே காட்டைக் கூட்டியிருக்கும். இது செம்மறி. வாயைத் திறக்கவில்லை.

“நல்ல ஆடு,” என்றார் அப்பா. “சத்தமே போடல பாரு.”

அவள் முழங்கால்களுக்கு நடுவே அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பிடியை விடவில்லை.